பெட்டை நாய்க்கு வருடத்துக்கு ஒரு ஈற்று போதும்

ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நல்ல ரகப் பெட்டை வீட்டில் இருந்தால், குட்டி கேட்டு ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அதற்காக அது பருவத்துக்கு வரும்போதெல்லாம் இணை சேர்க்க வேண்டாம்.

பெரும்பாலான பெட்டைகள் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். முதல் பருவம் ஒரு வயதுக்குள்ளேயே வந்துவிடலாம். அதை விட்டுவிடுங்கள், உடம்பு இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈற்றுதான், ஆயுளுக்கே ஐந்துதான். என்னைக் கேட்டால் ஐந்தே அதிகம், மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சினைக்காலம் சுமார் 63 நாள். அப்புறம் குட்டிகள் பால் மறக்கவே ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். தாய் இழந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. முந்தைய பிரசவத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பலர் செய்யும் ஒரு வேலை: சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக்கை ஊற்றிவிடுவது. அப்படிக் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கம் மந்தமாகி, பால் கொடுக்கும் நாட்களில் திடீரென்று நடுக்கமும் வலிப்பும் வரலாம். தாய் விறைத்து நடுங்கினால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதோடு போய்விடும்.