தமிழ்ப் பாடவேளையில் விஞ்ஞானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் ஆரம்பப் பிரிவு வகுப்புகளுக்குக் கற்பித்தற் பயிற்சிக்காக வரும் இளம் ஆசிரியர்கள், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை வாசிப்போடும் எழுத்தோடும் இணைக்க முயலும்போது, நான் முன்னர் விட்ட பிழைகளையே விடுவதைக் காண்கிறேன். நேரம் போதாமை, வகுப்பில் சத்தம் போன்றவற்றை அவர்களே விரைவில் சீர்செய்துகொள்வர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்ப்பதற்கு முன்னரே வாசிக்கக் கொடுத்தல்

தரம் 4 இல் யோகட் கோப்பைகளில் பயறு முளைக்கவைத்தோம். முதல் நாளே விதை முளைத்தல் பற்றிய பந்தியை வாசிக்கச் செய்துவிட்டு, நாள்தோறும் கண்டதை எழுதுமாறு கூறினேன். மூன்றாம் நாள், "முதலில் முளைவேர் வெளிவந்தது" என்ற பந்தியின் வசனமே ஏறத்தாழ எல்லாக் கொப்பிகளிலும் இருந்தது. ஒரு பிள்ளை மட்டும், "என்ட பயறு வழுவழு என்டு இருக்கு, நாறுது" என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் சிவப்புக் கோடு போட்டேன்.

பாடசாலை விட்டபின் கோப்பைகளைப் பார்த்தேன். அவளுடையதில் நீர் விளிம்புவரை நின்றது. ஒட்சிசன் போதாமல் விதைகள் அழுகியிருந்தன. வேறு நான்கு கோப்பைகளிலும் முளை இல்லை, ஆனால் அவற்றுக்குரிய கொப்பிகளில் முளைவேர் வந்திருந்தது! கண்டதை எழுதிய ஒரேயொரு பிள்ளையை நான் பிழை என்றேன். மற்றவர்களோ, எழுதுவதென்பது ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதுவது என்று கற்றுக்கொண்டார்கள். இதே காட்சியை இன்றும் இளம் ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசை வாங்கிலிருந்து காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

முதல் இரு நாட்களும் பிள்ளைகள் தம் சொற்களிலேயே எழுதட்டும். மூன்றாம் நாள் பந்தியைக் கொடுத்து, அது தம் கோப்பையோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்று கோடிடச் சொல்லுங்கள். அழுகிய கோப்பையின் காரணத்தைத் தேடும் பிள்ளைக்கு அந்தப் பந்தியை வாசிக்க வேண்டிய தேவை தானாக வரும்.

சொல்லை முதலில் கரும்பலகையில் எழுதுதல்

வாவிக்கரையில் கண்டல் மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். "முருங்கைக்காய் போல" என்று அவர்கள் கூறியபின் பெயரைச் சொல்லுங்கள்.

அவதானக் குறிப்பில் ல, ள, ழ திருத்துதல்

வேண்டாம். இறுதிப் பிரதியில் திருத்துங்கள்.

கதைக்காக உண்மையை வளைத்தல்

வெயில் இல்லாமல் முளைக்க முடியாதென்று விதை அழும் கதையை எழுதிக் கொடுக்காதீர்கள்; பயறு இருட்டிலும் முளைக்கும்.