குடும்பவியல் படிக்க எவ்வளவு கடன் வாங்கலாம்? சம்பளத்திலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு

வேலூர்ப் பக்கம் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மனையியலில் (ஹோம் சயின்ஸ்; குடும்பவியல் இதன் ஒரு கிளை) இடம் கிடைத்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "லோன் கிடைக்குமா?" என்பதுதான். கடன் கிடைத்துவிடும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பத்திரம் கேட்பதில்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். எளிதாகக் கிடைக்கிறது என்பதே இதில் ஆபத்து. வங்கி பார்ப்பது கல்லூரிக் கட்டண ரசீதை. படித்து முடித்தபின் வரும் சம்பளத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பட்டத்தின் கிளையைப் பாருங்கள். வேலூரிலேயே சி.எம்.சி. மருத்துவமனை இருப்பதால், மனையியல் என்றாலே ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலை உணவியல் கிளையில் படித்தவர்களுக்கு. 'மனித வளர்ச்சியும் குடும்பவியலும்' என்ற கிளையின் பாதை வேறு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மழலையர் பள்ளி, தொண்டு நிறுவனம், குடும்ப ஆலோசனை என்று அது போகும். மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த படிப்பு தனியாக வேண்டும்; இந்தப் பட்டம் மட்டும் போதாது. முதுநிலைப் பட்டத்தோடு பி.எட். முடித்தால் அரசு மேல்நிலைப் பள்ளியில் மனையியல் முதுகலை ஆசிரியராகலாம், ஆனால் அந்தப் பணியிடங்கள் மிகக் குறைவு. கடன் கணக்கை அதை நம்பிப் போடாதீர்கள்.

அடுத்து சம்பளம். கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் 'அதிகபட்சச் சம்பளம்' எதற்கும் உதவாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட இணையதளங்களில் வரும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர் பணிக்குத் தொகுப்பூதியமாக 18,536 ரூபாய் என்று அறிவிப்புகளில் பார்க்கலாம். ஒப்பந்தப் பணி என்பதால் ஆண்டு ஊதிய உயர்வை எதிர்பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. தனியாரில் சேர்ந்த சீனியர்கள் ஐந்து பேரிடமாவது, பிடித்தம் போக கையில் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். ஐந்தில் குறைந்த இரண்டு தொகைகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பின்னோக்கிப் போகலாம். மாதத் தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவருக்கு அதுவே கஷ்டம். 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால், மாதம் 1,000 ரூபாய் கட்டும் சக்தி சுமார் 75,700 ரூபாய் கடனைத் தாங்கும். ஆனால் இதற்குள் படிக்கும் காலத்து வட்டியும் அடங்க வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு, அதன்பின் தவணை கட்ட வேண்டாத ஓராண்டு சலுகைக் காலம், ஆண்டுத் தொடக்கத்தில் சம தொகையாகக் கடன் வாங்குவது என்று வைத்தால், அந்த வட்டி அசலில் 30 சதவீதம் ஆகிவிடும். எனவே 75,700-ஐ 1.3-ஆல் வகுத்தால் சுமார் 58,000; மாதம் 1,000 ரூபாய்க்கு வாங்கத்தக்க கடன் இதுதான். கையில் 15,000 வந்தால் தவணை 3,000, வாங்கத்தக்க கடன் 1.75 லட்சம். 18,000 வந்தால் 2.1 லட்சம். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்று லட்சம் வாங்கினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 3.9 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 5,154 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் 4,191 ஆகக் குறையும், ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதல் ஆண்டு 833, இரண்டாம் ஆண்டு 1,667, பிறகு 2,500) அசல் ஏறாது, தவணை 3,965-இல் நிற்கும். வீட்டில் யாராவது சம்பாதிக்கிறார்கள் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பலரும் சறுக்குவது விடுதிச் செலவில்தான். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலோ திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் மெஸ், அறை, காட்பாடியிலிருந்து ரயில், துணிமணி எல்லாம் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள். அதைக் கடனில் சேர்க்காமல் நகையை அடகு வைத்துச் சமாளிப்பவர்கள், அந்த அடகு வட்டியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர ஓட்டேரி முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி, சாயிநாதபுரம் டி.கே.எம்., காட்பாடி ஆக்சீலியம் இருக்கின்றன. இவற்றில் நெருங்கிய பாடம் ஒன்றில் இளநிலை முடித்து, கடனை முதுநிலைக்கு வைத்துக்கொள்வது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். ஆனால் சேர நினைக்கும் முதுநிலைப் படிப்பு எந்தெந்த இளநிலைப் பட்டங்களை ஏற்கிறது என்பதை இப்போதே பாருங்கள்.

கழிக்க வேண்டியதையும் கழியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், மூன்று ஆண்டுக்கு 36,000. 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, படிக்கும் காலத்துக்கும் சலுகைக் காலத்துக்கும் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கல்லூரி அந்தத் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதால், சேருமுன் வங்கிக் கிளையில் கேளுங்கள். கல்விக் கடன் வட்டிக்கான 80-இ வரிச்சலுகையைப் பெரிதாகச் சொல்வார்கள். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியே வராது, எனவே அதற்கு மதிப்பு பூஜ்யம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சலுகைக் காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வேலை இல்லை என்று தெரிந்தால், கிளை மேலாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, தவணைக் காலத்தை நீட்டக் கேளுங்கள். மனுவின் நகலில் வங்கி முத்திரை வாங்கி வையுங்கள். 90 நாளைத் தாண்டித் தவணை நின்றால் கணக்கு வாராக் கடனாகும், மகளின் சிபில் மதிப்பெண்ணோடு கையெழுத்திட்ட அப்பாவுடையதும் சரியும். பிறகு அப்பா தன் பெயரில் வீட்டுக் கடனோ பயிர்க் கடனோ கேட்டுப் போனால் இதே கணக்கைத்தான் காட்டுவார்கள்.