வந்தியத்தேவன் காதில் விடையை ஓதாதீர்கள்

போன மாதம் 3 புதியவர்கள் தாங்கள் எழுதிய ஃபேன் ஃபிக்‌ஷனைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றுமே கல்கியின் பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து எழுதியவை. மூன்றிலும் வந்தியத்தேவன் ஆதித்த கரிகாலன் கொலையைத் துப்பறிகிறான், அதுவும் முழுக்க முழுக்க யோசித்தே; பகுத்தறிவுக் கதை என்கிற வகை. மூன்றிலும், 2 வருடம் முன்பு நான் விழுந்த அதே குழி. எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர்க் குழப்பமெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

நாயகனுக்கு விடையை ஓதுவது

என் 4 மாத உழைப்பைத் தின்ற தவறு இது. என் கதையில் கொலை நடந்த இரவு அடைமழை. கடம்பூர் மாளிகையின் சுரங்க வழிப் பக்கம் ஈரக் காலடித் தடம். வந்தியத்தேவன் குனிந்து பார்க்கிறான், புருவத்தை நெரிக்கிறான், "ரவிதாஸன்!" என்கிறான். அங்கிருந்து 11 அத்தியாயத்துக்குத் துரத்தல். பெருமை தாங்காமல் அத்தை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மழைன்னா மாளிகையில எல்லார் காலும் ஈரமாத்தானே இருக்கும்?"

11 அத்தியாயமும் போச்சு.

ரவிதாஸன் கொன்றிருந்தால் தடம் ஈரமாக இருக்கும், சரி. வேறு யார் கொன்றிருந்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அந்த ஈரம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விடை தெரிந்த நான் அதை அவன் வாயில் திணித்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்றும் எரிச்சல் வருவது எதற்கென்றால், எழுதும்போது அது புத்திசாலித்தனமாகவே தோன்றியது. நமக்கு உடையார்குடிக் கல்வெட்டு தெரியும். 985இல் ஆட்சிக்கு வந்த ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது அது. சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லியே கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. வந்தியத்தேவன் நிற்பதோ அந்தக் கல்லில் உளி படுவதற்குப் பல வருடம் முன்னால். அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஒரு தாளில் 4 கட்டம் போட்டேன்: நந்தினி, பெரிய பழுவேட்டரையர், ரவிதாஸன், கரிகாலனே குத்திக்கொண்டது. ஒவ்வொரு தடயத்தையும் எடுத்து, "இவர்தான் என்றால் இது இருக்குமா?" என்று நாலு கட்டத்திலும் கேட்டேன். நாலிலும் ஒரே பதில் வந்தால் அந்தத் தடயம் வீண். நான் வைத்திருந்த 9 தடயங்களில் 7 அப்படித்தான் போயின.

ஆமாம் போடும் சாட்சியை மட்டும் தேடவிடுவது

உளவியலாளர் பீட்டர் வேஸன் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஆள் 8, 10, 12 என்பான், பொருந்தும் என்று பதில் வரும். 20, 22, 24 என்பான், அதுவும் பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொல்வான். விதி வெறும் ஏறுவரிசைதான். 1, 7, 50 என்று சொல்லிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

ஹாரி பாட்டரை வைத்து எலியேசர் யூட்கோவ்ஸ்கி 2010 முதல் 2015 வரை எழுதிய தொடரில், 8ஆம் அத்தியாயத்தில் ஹாரி இதை ஹெர்மயனியிடம் விளையாட்டாக வைக்கிறான். அவளோடு சேர்ந்து நாமும் தோற்கிறோம், அந்த அவமானம் மனதில் நிற்கிறது. அதன் பிறகு ஹாரி நடத்தும் பாடம் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

என் வந்தியத்தேவன் இப்போது 3 அத்தியாயம் பழுவேட்டரையரையே சந்தேகித்து, அதற்கு ஒத்துவரும் சாட்சிகளை மட்டும் தேடிப்போய், நிஜமாகவே அடிபடுகிறான்.

மற்றவர்களை அசடாக்குவது

நாயகன் புத்திசாலியாகத் தெரிய வேண்டுமென்று முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயரைக்கூட ஒருவர் அசடாக்கியிருந்தார். வேண்டாம்.

சதவீதம்

ஒரு விஷயம் எவ்வளவு நிச்சயம் என்பதைக் குந்தவை "எழுபத்து மூன்று சதவீதம்" என்று பேசக் கூடாது. "உன் குதிரையைப் பந்தயம் வைப்பாயா?" என்று கேட்கட்டும்.

பகுத்தறிவு என்றதும் சாமியை இழுப்பது

ஆழ்வார்க்கடியானை ஒருவர் நாத்திகனாக்கியிருந்தார். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அதுதான் ஞாபகம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் நாமத்தைப் போட்டுக்கொண்டே நன்றாகத்தானே வேவு பார்க்கிறான்?

அத்தை மகள் இப்போது திருத்திய கதையைப் படிக்கிறாள். சுரங்கக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று நேற்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.