வெள்ளத் தடுப்புக்கு அரசு நிதி கேட்கும்போது வடசென்னையில் நாம் செய்யும் தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு எங்கள் தெரு நலச் சங்கத்தில் ஒரு மனு எழுதினோம். கையெழுத்து மட்டும் நான்கு பக்கம். "எங்கள் பகுதிக்கு உடனடியாக வெள்ளத் தடுப்பு நிதி ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்திருந்தோம். பல மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. எந்தத் துறை என்று அதில் இல்லை. கோபம் வந்தது. அப்புறம் எங்கள் மனுவின் நகலை எடுத்துப் படித்தேன். எந்தத் துறை, எந்த இடம், என்ன வேலை என்று நாங்களும் எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் சில சங்கங்களுக்கும் மீனவக் குப்பங்களுக்கும் மனு எழுத உதவியிருக்கிறேன். ஊர் மாறினாலும் தவறு மாறவில்லை. பணமே இல்லை என்பதால் திரும்பும் மனுக்கள் குறைவு. பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் கேட்டதால் திரும்புபவைதான் அதிகம்.

நிவாரணப் பணத்தையும் தடுப்புப் பணத்தையும் குழப்பிக்கொள்வது

புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வரிசையில் நின்றபடியே, "இதுக்கு பதிலா அந்தக் கால்வாயைக் கட்டித் தொலைக்கக் கூடாதா?" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அரசின் கணக்கில் இரண்டும் வேறு வேறு பை.

2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே மீட்புக்கு ஒரு நிதி, பாதிப்பைத் தணிப்பதற்கு ஒரு நிதி என்று பிரித்திருக்கிறார்கள். 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு வகுத்த கணக்கைப் பார்த்தால் இது புரியும். மாநிலத்துக்கு வரும் பேரிடர் நிதியில் 40 சதவீதம் உடனடி மீட்பு, நிவாரணம். 30 சதவீதம் இடிந்ததை மறுபடி கட்டுவது. 10 சதவீதம் முன்னேற்பாடு, பயிற்சி. மீதி 20 சதவீதம்தான் அடுத்த வெள்ளத்தைத் தணிக்கும் வேலைகளுக்கு. நிவாரணத் தலைப்பில் புதுக் கால்வாய் கேட்டால், கேட்டது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அந்தக் கோப்பில் எழுத அதிகாரிக்கு இடமில்லை.

அதே நிதிக்குழு, மக்கள்தொகை மிகுந்த ஏழு நகரங்களில் வெள்ள அபாயத்தைக் குறைக்கத் தனியாக 2,500 கோடி சொன்னது. அதில் சென்னைக்கு 500 கோடி. மிக்ஜாம் வந்த அதே மாதம் மத்திய அரசு ஒப்புதல் தந்த 561.29 கோடி ரூபாய் சென்னை வெள்ளத் தணிப்புத் திட்டத்தின் மத்தியப் பங்கு இந்த 500 கோடிதான். இதற்குத் தெருச் சங்கம் நேராக விண்ணப்பிக்க முடியாது. மாநில அரசுதான் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். நம்மால் ஆவது, நம் இடம் அந்தத் திட்ட அறிக்கைக்குள் வருவதற்கான ஆதாரத்தைக் கீழே இருக்கும் பொறியாளர் கையில் சேர்ப்பது. டெல்லிக்குப் பதிவுத் தபால் போட்டுவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் சங்கத் தலைவர் ஒருவரை எனக்குத் தெரியும். ரசீது இன்னும் இருக்கிறது.

ஏற்கெனவே கொடுத்ததையே கேட்பது

கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்காக ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 3,220 கோடி ரூபாயில் சுமார் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் திட்டம் போடப்பட்டது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் அதற்குள் வரும். உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் "வடிகால் வேண்டும்" என்று எழுதினால், "பணி திட்டத்தில் உள்ளது" என்ற ஒரு வரியோடு கோப்பை மூடிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கட்டிய வடிகால் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது? நடுவில் இணைக்காமல் விட்ட துண்டு எது? வண்டல் தொட்டி யார் சுத்தம் செய்வது?

இதைத் தெரிந்துகொள்ள ஆள் பிடிக்க வேண்டியதில்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் தெருவின் வரைபடத்தையும் வடிகாலின் சரிவு விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

2024 மார்ச்சில் 4,181 கோடிக்குத் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தையும் பலர் மொத்தமாக வெள்ளத் தடுப்புப் பணம் என்று நினைக்கிறார்கள். பதினொரு துறைகளின் வேலைகள் அதில் இருந்தன. பள்ளிக்கூடம், குடியிருப்பு, குடிநீர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இடம் யாருடையது என்று பார்க்காமல் எழுதுவது

என் அனுபவத்தில் மனுக்களைக் கொல்வதில் இதற்குத்தான் முதலிடம். தெருவில் ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அது போய் விழும் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் நீர்வளத்துறையுடையவை. வடிகாலில் கலந்து கறுப்பாக ஓடும் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் கணக்கு. அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வாழ்விட மேம்பாட்டு வாரியம். நடுவில் ரயில் தண்டவாளம் வந்தால் ரயில்வே. எண்ணூர் போனால் துறைமுகம், உப்பளம், அனல்மின் நிலையம் என்று மத்திய அரசும் மாநில அரசும் மாறி மாறி வரும்.

நாங்கள் ஒரு சிறுபாலத்தை அகலப்படுத்தச் சொல்லி எழுதினோம். பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் வேறொரு துறை. ஒரு வருடம் மனு பந்துபோல் அங்குமிங்கும் போனது. கடைசியில் ஒரு இளம் உதவிப் பொறியாளர், "சார், டவுன் சர்வே எண் போட்டு எழுதுங்க. அது இல்லாம யாரும் இதைத் தன்னோட வேலைன்னு ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அதோடு டி.எஸ்.எல்.ஆர். என்னும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வாங்கி இணைத்தோம். நில உரிமை உள்ள துறையின் தடையின்மைச் சான்றை முதலில் கேட்டு, அதற்குப் பிறகுதான் நிதியைக் கேட்டோம். கோப்பு நகர்ந்தது. வேகமாக நகர்ந்தது என்று சொல்லவில்லை, நகர்ந்தது.

ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அலையாத்திக் காடு, சேற்றுத் திட்டு, உப்புச் சதுப்பு எல்லாம் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் மிகக் கண்டிப்பான வகையில் வருபவை. கரை கட்டுவதோ மண் கொட்டுவதோ அனுமதி இல்லாமல் நடக்காது. "அலையாத்தி நடுகிறோம், நிதி கொடுங்கள்" என்று வரும் ஆர்வலர்கள் பலர், சேற்றுத் திட்டைக் காலி இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நண்டும் இறாலும் பறவையும் வாழும் இடம். அங்கே கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, தண்ணீர் ஏறி இறங்கும் வழி அடைபட்ட இடத்தில் கன்று நட்டால் கன்று சாகும், போட்டோ மட்டும் மிஞ்சும். தண்ணீர் வரும் வழியைத் திறப்பதற்குப் பணம் கேட்பதுதான் முதல் வேலை. அதற்கு முன்னால் குப்பத்து நிர்வாகிகளிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடல் அரிப்பும் அப்படித்தான். சென்னைத் துறைமுகச் சுவர் வந்ததிலிருந்து தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடுபட்டு மெரினாவில் சேர்ந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. இன்று நம் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டால், அதே கணக்கில் நமக்கு வடக்கே இருக்கும் குப்பத்தின் மணல் போகும். பக்கத்துக் குப்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத மனு, அந்தக் குப்பத்தின் எதிர்ப்பு மனுவைத் தானே வரவழைக்கும்.

"இடுப்பளவு தண்ணி" என்று எழுதுவது

யாருடைய இடுப்பு? இதைச் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. பொறியாளர் எஸ்டிமேட் போட வேண்டுமானால் தரையிலிருந்து எத்தனை அடி, எத்தனை மணிநேரம் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கடைச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். 2015, 2021, 2023 மூன்றும் அதில் இருந்தன. நாங்கள் கொண்டுபோன நாற்பது போட்டோவை வாங்கி ஓரமாக வைத்த அதிகாரி, நேரில் வந்தபோது அந்தச் சுவரைத்தான் டேப் வைத்து அளந்தார்.

வடசென்னைக்கு இன்னொரு அளவும் வேண்டும்: கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும். உங்கள் தெருவில் தண்ணீர், மழை நின்ற பிறகும் ஒரு நாளில் சில மணிநேரம் இறங்கி மறுபடி ஏறுகிறதா? அப்படியானால் கழிமுகத்தில் கடல் ஏறும்போது கால்வாய் நீர் வெளியே போக முடியாமல் திரும்பி உள்ளே ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு இன்னும் பெரிய வடிகால் கட்டிப் பயனில்லை. அதே வடிகால் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். தேவை, கதவணையோ நீரேற்று நிலையமோ. முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருந்தால் அதை வெட்டுவது. மணலி புதுநகர், சடையங்குப்பம் மாதிரி இடங்களில் பூண்டி, புழல் ஏரிகளின் உபரிநீர் வரும் நேரமும் சேர்த்துக் குறிக்க வேண்டும். நோயைத் தெரியாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கும் மனுக்கள்தான் நம்மிடம் அதிகம்.

கார்த்திகையில் கேட்டு, தையில் மறப்பது

மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். நமக்கு ஆவேசம் வருவதோ நவம்பரில். அப்போது பொறியாளர்கள் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் ரோடு வெட்டவும் மாநகராட்சி தடை போட்டுவிடும். வெள்ளம் நிற்கும்போதே அளவெடுத்து, மார்கழி முடிவதற்குள் மனுவைத் தயார் செய்து, பொங்கலுக்கு முன்னால் வார்டு அலுவலகத்திலும் மண்டல அலுவலகத்திலும் கொடுங்கள். ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அங்கே பதிவு செய்யுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறிய கோரிக்கைக்கு ஒரு எடை உண்டு.

பொருளை வாங்கிவிட்டு, ஓட்டும் செலவை மறப்பது

சின்ன வேலைகளுக்குப் பெரிய நிதியின் பின்னால் ஓட வேண்டியதில்லை. எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. எம்.பி. நிதி 5 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால், மீதியை அரசு போடும். நிவாரண மையமாகும் பள்ளியில் சாய்தளம், பெண்களுக்குக் கழிப்பறை, உயரத்தில் மின்பலகை மாதிரி வேலைகளுக்கு இவை பொருத்தம்.

ஆனால் எம்.பி. நிதி நிலையான சொத்து உருவாக்க மட்டும்தான். தொடர் செலவுக்குத் தராது. எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் நல்ல பம்பு செட் வந்தது. திறப்பு விழா, பேனர், பிரியாணி எல்லாம் நடந்தது. அடுத்த மழையில் டீசல் யார் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சாவி வைத்திருந்தவர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பம்பு கேட்கும் அதே மனுவில், எந்தத் துறை பராமரிக்கும், யாருக்கு ஓட்டத் தெரியும், எரிபொருள் எந்தக் கணக்கில் என்று எழுதி வாங்க வேண்டும். பேரிடரில் உதவப் பயிற்சி தரும் ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் அவர்கள் பெயரையும் சேருங்கள்.

கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ நேரடியாக மானியம் வாங்குபவர்களுக்கு மட்டும் இது. மத்திய அமைச்சகங்களின் மானியத்துக்கு தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளமான என்.ஜி.ஓ. தர்ப்பண் பதிவு எண் கேட்பார்கள். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பொறுப்பு நிதி என்றால் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு வேண்டும். பணம் வந்தால் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். மத்திய மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்று 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். முன்பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டியும் அரசுடையது, சங்கத்துடையது அல்ல. லைஃப் ஜாக்கெட்டுக்கு வந்த பணத்தில் தார்ப்பாய் வாங்குவது, ஊருக்கு நல்லது என்றாலும், தணிக்கையில் தவறுதான். மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

"சாங்ஷன் நான் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் மட்டும்" என்று ஒருவர் வருவார். கண்டிப்பாக வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மனு கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். நாங்கள் முத்திரை வாங்க மறந்த ஒரு மனு, அந்த அலுவலகப் பதிவேட்டின்படி இன்றுவரை வரவே இல்லை. அடுத்த முறை இட்லிக் கடை அக்காவும் கூடவே வந்தார். முத்திரை விழும்வரை ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை.