இரண்டாம் தலைமுறை கோல்ஃப் காரின் பம்பர்களைச் சேதமின்றிக் கழற்றுதல்

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறை கோல்ஃப், 1990களின் தொடக்கம் வரை 60 இலட்சத்துக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட குடும்பக் கார். ஜெர்மனியில் இன்று ஓடும் இவ்வகைக் கார்கள் எல்லாம் 30 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அசல் நிலை பெரும்பாலும் காக்கப்பட்டிருந்தால், பழமையான வாகனங்களுக்கு அங்கே வழங்கப்படும், ‘ஹெச்’ எழுத்தில் முடியும் பதிவெண்ணை இவை பெற முடியும். இக்காரணத்தாலேயே, பம்பரை இழுத்து உடைத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகைப் பம்பர் என்று பாருங்கள். தொடக்க கால கார்களில் ஒடுக்கமான பம்பரும், 1989 ஆகஸ்டுக்குப் பின் வந்தவற்றில் கீழ்நோக்கி நீண்ட பெரிய பம்பரும் பொருத்தப்பட்டன. இரண்டிலும் வெளியே தெரிவது பிளாஸ்டிக் உறை. உள்ளே சுமை தாங்குவது உலோகச் சட்டம். அச்சட்டத்தோடு சேர்ந்த பிராக்கெட்டுகள், சேஸிஸின் நீளவாட்டுக் குழல்களில் கீழ்ப்புறமிருந்து போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டு நுனிகள் சக்கர வளைவுக்கு முன்னுள்ள பிளாஸ்டிக் வழிகாட்டிகளில் செருகி நிற்கின்றன. ஒரு வகையின் பிராக்கெட் மற்றதற்கு அப்படியே பொருந்தும் என்று நம்பிப் பழைய பாகம் வாங்க வேண்டாம்.

பம்பரைப் பிடித்திருப்பவை சில போல்ட்டுகளே என்பதால் வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் ஜெர்மானியக் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, சக்கரம் வாரியிறைக்கும் நீரோடு சேர்ந்து, இந்தப் போல்ட்டுகளைத்தான் முதலில் பற்றுகிறது. போல்ட்டுகள் ஏறுகின்ற நட்டுகளோ சேஸிஸ் குழலின் உள்ளே நிலையாகப் பொருத்தப்பட்டவை. போல்ட்டின் தலை முறிந்தால் துளையிட்டு எடுக்கலாம்; உள்ளே இருக்கும் நட்டு பிடிப்பு விட்டுச் சுழலத் தொடங்கினால், குழலில் வழி வெட்டி அதைப் பிடித்து, பின்பு வெல்டிங் செய்து மூட வேண்டியிருக்கும். ஆகையால் இவ்வேலைக்கு வேண்டிய நேரத்தில் பெரும்பகுதியைப் போல்ட்டுகளுக்கே ஒதுக்குங்கள்.

முந்தைய நாள் மாலையிலேயே போல்ட் தலைகளையும் அவற்றைச் சுற்றி, காரின் அடிப்புறத்தில் பூசப்பட்டுள்ள அடிப்பூச்சையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்து இரவு முழுவதும் ஊற விட்டு, காலையில் மீண்டும் ஒருமுறை தெளியுங்கள். அறுகோணத் தலையை முழுவதும் பற்றும் ஆறுமுனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்; துருவேறித் தேய்ந்த தலையில் பன்னிரண்டுமுனை சாக்கெட் நழுவி, மூலைகளை மழுங்கடித்துவிடும். 13 முதல் 19 மி.மீ. வரையிலான சாக்கெட்டுகளும், ஒரு நீட்டிப்புத் தண்டும், நீண்ட கைப்பிடியும் இருந்தால் போதும். போல்ட் அசைந்தவுடன் ஒரே மூச்சில் சுழற்றிவிடாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, சற்றே திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துவதே சரியான முறை. முன்னும் பின்னுமான இந்த அசைவில்தான் மரைக்குள் சிக்கிய துரு பொடியாகி வெளியேறும். பம்பர் உறை பிளாஸ்டிக்கால் ஆனது, அடிப்பூச்சு எரியக்கூடியது. எனவே தீச்சுடர் கொண்டு போல்ட்டைச் சூடாக்குவதை இந்த இடத்தில் நான் பரிந்துரைப்பதில்லை.

காரைத் தூக்க நேர்ந்தால், கதவடிச் சட்டத்தில் குறியிடப்பட்டுள்ள இடத்தில் மட்டுமே ஜாக்கை வைத்து, ஸ்டாண்டுகளின் மீது இறக்கிய பிறகே அடியில் செல்ல வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு கணமும் உள்ளே போகாதீர்கள்.

முன்பம்பரில் இண்டிகேட்டர் விளக்குகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சில கார்களில் ஃபாக் விளக்குகளும், முகப்பு விளக்குகளைக் கழுவும் நீர்க் குழாய்களும் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையைக் கழற்றுமுன், ரேடியோ மீண்டும் இயங்கக் குறியீட்டு எண் தேவைப்படுமானால் அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பு இணைப்பிகளை அவற்றின் உடலைப் பிடித்தே பிரியுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டுகள் எல்லாம் வெளிவந்ததும், இருபுறமும் ஒவ்வொருவர் நின்று, பம்பரைச் சாய்க்காமல் நேராக முன்னோக்கி இழுத்தால், அது வழிகாட்டிகளிலிருந்து வழுக்கி வந்துவிடும். தனியொருவராக ஒரு பக்கத்தை மட்டும் முன்னே கொண்டுவந்தால் எதிர்ப்பக்க வழிகாட்டி முறியும். குளிரில் பழைய பிளாஸ்டிக் எளிதில் நொறுங்கும் என்பதால், இதை வெதுவெதுப்பான நாளிலோ சூடாக்கப்பட்ட கொட்டகையிலோ செய்வது நலம்.

பின்பம்பருக்கும் இதே முறைதான். இழுக்கும் திசை மட்டும் பின்னோக்கி. சைலன்ஸர் அருகில் இருப்பதால், வண்டி ஓடி நின்றவுடன் கை வைக்க வேண்டாம். இழுவைக் கொக்கி பொருத்தப்பட்ட காரில் அதன் வயரும் தாங்கியும் தடுக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள்.

பம்பர் அகன்றபின் தெரியும் பகுதியை அவசரமாக மூடிவிடக் கூடாது. சேஸிஸ் குழல்களின் நுனிகளும், முன்தகட்டின் கீழ்விளிம்பும், பிராக்கெட் அமர்ந்திருந்த பரப்பும் ஆண்டுக்கணக்காக ஈரத்தைத் தேக்கியவை. மெல்லத் தட்டிப் பார்த்து, தகடு திடமாக இருந்தால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, குழலின் உட்புறத்துக்கு மெழுகுத் தெளிப்பு கொடுங்கள். உலோகம் உதிர்ந்தாலோ, குழல் நெளிந்து பழைய மோதலின் அடையாளம் தெரிந்தாலோ, அந்த இடத்தைச் சீர்செய்யும் வரை பம்பரைத் திரும்ப மாட்டாதீர்கள்; மோதலின் விசை இந்தக் குழல்களுக்குத்தான் சென்று சேர்கிறது. இண்டிகேட்டர்கள் முன்பம்பரோடு போய்விடுவதால், பம்பர் இல்லாத காரைப் பட்டறைக்குக்கூட ஓட்டிச் செல்ல முடியாது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது புதிய போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள். அவற்றின் விலை அற்பம். மரையில் சிறிது மெழுகோ கிரீஸோ தடவி, எல்லாவற்றையும் முதலில் விரலால் ஏற்றி, உடலுக்கும் பம்பருக்கும் இடையிலான இடைவெளி இருபுறமும் ஒன்றாக அமைந்த பின், உங்கள் காரின் ஆண்டுக்கான பழுதுபார்ப்புக் கையேடு குறிப்பிடும் முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். பேட்டரியை இணைத்து, இருபக்க இண்டிகேட்டர்களும் ஃபாக் விளக்குகளும் எரிகின்றனவா என்று சோதித்த பிறகே காரைச் சாலையில் எடுங்கள்.