வெளிச்சுவரின் வேகம் குறைந்து தெரிந்தபோது

வன்னியில் உள்ள வைத்தியசாலை ஒன்றில் நான் எக்கோ பரிசோதனை (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) செய்துவருகிறேன். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து மூச்சிளைப்புடன் வந்த வயோதிபக் கமக்காரர் ஒருவரின் இதயத் தசை அசைவைத் திசு டொப்ளர் முறையில் அளந்தபோது, இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வைச் சுற்றிய வளையம் இதயம் தளரும்போது அசையும் வேகம் இடைச்சுவர்ப் பக்கத்தில் செக்கனுக்கு 8 சென்ரிமீற்றராகவும் வெளிச்சுவர்ப் பக்கத்தில் 6 ஆகவும் பதிவாகின. வழமையில் வெளிச்சுவரின் வேகமே கூடுதலாக இருக்கும். அது தலைகீழாவது இதய உறை இறுகும் நோயின் அடையாளங்களுள் ஒன்று என்பதால், அப்படியே எழுதியிருந்தால் அந்த மனிதரை வீணாக அலைய வைத்திருப்பேன்.

உறையிலோ வேறு எந்த அளவீட்டிலோ அதற்கு ஆதாரம் இல்லாததால் படத்தை நிறுத்திப் பார்த்தேன். அளவுக்கோடு வெளிச்சுவரின் அசைவுத் திசைக்கு ஏறத்தாழ 50 பாகை சரிந்திருந்தது. டொப்ளர் தன் ஒலிக்கதிரின் திசையில் நிகழும் அசைவை மட்டுமே அறியும். 20 பாகைச் சரிவில் உண்மை வேகத்தின் 94 வீதம் கிடைக்கும், 50 பாகையில் 64 வீதமே.

“ஐயா, இடப்பக்கம் நல்லாச் சரிஞ்சு படுங்கோ, மூச்சை வெளியில விட்டுட்டுக் கொஞ்சம் பிடியுங்கோ” என்று கேட்டு, நெஞ்சில் வைக்கும் கருவியான புரோப்பை வெளிப்பக்கமாக நகர்த்தி, சுவரைக் கதிருக்கு நேராக்கினேன். வேகம் 9 ஆக உயர்ந்தது. மூன்று துடிப்புகளின் சராசரியை எடுத்தே அறிக்கையில் எழுதினேன்.