பம்ப் ஹவுஸுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இடையே பாதுகாப்பான ரேடியோ இணைப்பு: தொடக்கநிலையினருக்கு

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி ஷயரில், கட்டுப்பாட்டுக் கருவிகளை நிறுவிய நிறுவனத்தில் முன்பு பணிபுரிந்த ஒருவர், ஒரு மடிக்கணினியையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு கழிவுநீர் பம்ப் நிலையங்களுக்குப் பொய்க் கட்டளைகளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் கலந்தது. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள நாம் அன்றாடம் பயன்படுத்தும் மோட்பஸ் ஆர்டியூ என்ற நெறிமுறையும் கட்டளை யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்ப்பதில்லை. ஆகவே பூட்டை ரேடியோவிலேயே போட வேண்டும்.

முதலில் அலைவரிசை. இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், வரையறுத்த திறனுக்குள், தனி உரிமமின்றி இயக்கலாம். மரங்கள் நிறைந்த வழித்தடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். நேர்ப்பார்வை இருந்தாலே போதும் என்று எண்ண வேண்டாம்: 3 கிலோமீட்டர் இணைப்பின் நடுவழியில் ஃபிரெனெல் வலயத்தின் (நேர்ப்பார்வைக் கோட்டைச் சுற்றி ரேடியோ அலை பரவிச் செல்லும் பகுதியின்) ஆரம் ஏறத்தாழ 16 மீட்டர், அதில் 60 விழுக்காடாவது, அதாவது 10 மீட்டர் அளவுக்கு, தடையின்றி இருக்க வேண்டும்.

அடுத்தது குறியாக்கச் சாவி. நான் இடறிய இடம் இதுதான். ஏஇஎஸ்-128 என்ற குறியாக்க வசதியை இயக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்த சாவியையும் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். நான் மேசையில் அமர்ந்தபடி மற்றவற்றை வழிநடத்தும் மாஸ்டர் ரேடியோவின் சாவியை முதலில் மாற்றினேன். அந்த நொடியே மூன்று தொட்டிகளின் ரேடியோக்களும் தொடர்பற்றுப் போயின. ஒவ்வொரு தொட்டியாக ஏணியில் ஏறி, உச்சி வெயிலில் பெட்டியைத் திறந்து, சீரியல் கேபிளைச் செருகித்தான் மீட்க முடிந்தது. எனவே தொலைவில் உள்ளவற்றை முதலில் மாற்றுங்கள். இடையே செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால், அதற்கு அப்பால் உள்ளவை முடிந்த பிறகே அதைத் தொடுங்கள். மாஸ்டர் எப்போதும் கடைசி. புதிய இணைப்பானால், எல்லா ரேடியோக்களையும் ஒரே மேசையில் வைத்துச் சாவியேற்றிச் சோதித்த பிறகு மேலே கொண்டு செல்வதே சிறந்தது.

பிற்சேர்க்கை: ஒரே சாவியை இரு முனைகளிலும் இட்டும் இணைப்பு வரவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு முனையில் அதைச் சாதாரண எழுத்துகளாகவும் மறுமுனையில் ஹெக்ஸ் எண்களாகவும் (0–9, A–F) இட்டிருந்தார். 128 பிட் சாவி என்றால் ஹெக்ஸில் சரியாக 32 இலக்கங்கள். அதைத் திட்ட வரைபடத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதிவைக்காதீர்கள்.

குறியாக்கம் பொய்க் கட்டளையைத் தடுக்கும். வேண்டுமென்றே அலைவரிசையை இரைச்சலால் அடைப்பவரைத் தடுக்காது. ஆகவே தொட்டியிலிருந்து 60 விநாடிகளுக்குச் செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்துமாறு பம்ப் ஹவுஸின் பிஎல்சியில் (மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) எழுதிவிடுங்கள். தொட்டிப் பக்க ரேடியோவின் மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டார் தானாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.